பேர் நோட்டின் கடைசிப் பக்கம்

திண்டுக்கல், விடுதி
13-07-2025, ஞாயிறு

அன்புள்ள ஜோதி,

உன் கை எப்படி இருக்கிறது? வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருப்பதாக மலைச்சாமி அண்ணன் ஜெய்தூன் அம்மாவிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். அவர் கடையில் பேனா வாங்கும்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. மலைச்சாமி அண்ணன் தினமும் உங்கள் ஊரிலிருந்து பூ வண்டி ஓட்டி வந்து விடுதிக்கு எதிரே அந்தக் கடையில் ஒரு பை மல்லிகை இறக்குகிறார். பை திரும்பும்போது இந்தக் கடிதம் அதற்குள் இருக்கும். நீயும் அப்படியே பதில் போடு. போன் பேச வழியில்லை. விடுதியின் ஒரே போன் வார்டன் மேடம் மேஜையில் இருப்பதும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் உனக்குத் தெரியும்.

எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறை விளக்கில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் இது கணக்கு நோட்டு.

எட்டாம் தேதியைப் பற்றி நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியவில்லை. நான் கோபத்தில் உன் பேரை எழுதவில்லை. மாலைப் படிப்பு நேரத்தில் பேசியவர்கள் என்று ஐந்து பேரை எழுதித் தினமும் நோட்டை மேடத்திடம் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை உன் முறை. நாம் எல்லோரும் பேசிப் பிரித்துக்கொண்ட முறைதானே? பேர் வந்தவர்கள் கீழ்த்தொட்டியிலிருந்து மூன்றாம் மாடி டிரம்முக்குப் பத்து வாளி தண்ணீர் சுமப்பதும் புதிதல்ல. மோட்டார் கெட்ட நாளிலிருந்து எல்லோரும் சுமக்கிறோம். நான்காவது நடையில் உனக்கு மயக்கம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

நீ விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. முதலில் வாளிதான் உருண்டு வந்தது.

உன் சாப்பாட்டுத் தட்டை என் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெளியே இருந்தால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இன்று கை வரவில்லை.

உன்
வாணி


17-07-2025

லீடர் அவர்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். படிக்க முடியாவிட்டால் விட்டுவிடு.

உனக்குச் சொல்லக் கை வராதது நேற்றுப் பதிவுத் தபாலில் வந்துவிட்டது. அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். "மாணவி நாகஜோதி 8-ஆம் தேதி விதிமுறையை மீறிப் படிக்கட்டில் ஓடி விளையாடியபோது விழுந்தார். இதை விடுதி லீடர் இசைவாணி நேரில் பார்த்தார்." கீழே உன் கையெழுத்தின் ஜெராக்ஸ். உன் பேருக்கு அடியில் இழுப்பாயே ஒரு கோடு, அதுகூட இருந்தது.

ஆகஸ்ட் 9 அன்று விடுதிக் குழு கூடுகிறதாம். அப்பா வந்து, மகளை அழைத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். விடுதி இல்லாவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. எங்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே எட்டே முக்காலுக்குத்தான். அதிலும் நிலக்கோட்டையில் இறங்கி மாற வேண்டும். பத்தாம் வகுப்பு அதோடு சரி.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. "பீச்சாங்கையாலயும் பூப்பறிக்கலாம் தாயி, விடு" என்றார்.

ஓடி விளையாடினேனா வாணி? இரண்டு கையிலும் வாளியை வைத்துக்கொண்டு?

தட்டை நீயே வைத்துக்கொள்.

நாகஜோதி


20-07-2025, ஞாயிறு

அன்புள்ள ஜோதி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, நீ திட்டவில்லையே என்றுதான் அழுதேன். திட்டியிருக்கலாம்.

நடந்ததை எழுதுகிறேன். உன்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தாள் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"லீடர்னா யாரு? என் கண்ணு, என் காது. கண்ணு பாத்தத கையெழுத்துப் போடணும்ல?"

"மேடம், அவ தண்ணி தூக்கிட்டு..."

"ஒங்கம்மா நல்லாத்தான் சமைக்கிறாங்க. அடுத்த வருசமும் அவங்களே சமைக்கணும்னு எனக்கும் ஆசைதான்."

அவ்வளவுதான் சொன்னார். என் அம்மா இன்னாசியம்மாள் இந்த விடுதியின் அடுப்படியில் நிற்பதால்தான் எனக்கு இங்கே ஒரு படுக்கை. அம்மாவுக்குப் படுக்கை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். இரண்டையும் நினைத்தேன். பேனாவை எடுத்தேன்.

இதை எழுதினால் நீ என்னை இன்னும் வெறுப்பாய். ஆனாலும் எழுதுகிறேன். அந்த முறைப் பட்டியல் என் யோசனை. அதை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஜூனில் ஒரு நாள் நோட்டை வெறுமையாகக் கொடுத்தேன். "நாப்பத்தாறு பிள்ளைகள்ல ஒருத்திகூடப் பேசலயா? அப்ப நீ தூங்கிட்ட. பத்து வாளி ஒனக்கு" என்றார். அடுத்த நாள் யாரை எழுதினாலும் அவள் என்னை முறைத்தாள். அதனால்தான் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒன்பதிலும் பத்திலும் இருக்கும் முப்பது பேரையும் நாளுக்கு ஐந்து பேராக ஆறு நாளுக்குப் பிரித்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். யாரும் பேச வேண்டியதுகூட இல்லை. முறை வந்தால் பேர் வரும். எல்லோருக்கும் வாரம் ஒரு நாள், சண்டை கிடையாது. நல்ல லீடர் என்று நீங்களே சொன்னீர்கள்.

அன்றைக்கு நீ வயிற்றில் கை வைத்துத் தலையை ஆட்டினாய். நான் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல் போன கடிதத்தை எழுதியிருந்தேன். பார்த்தேன் ஜோதி. உனக்கு முதல் நாள் என்றும் புரிந்தது. உன்னை விட்டால் ஃபர்ஹீனை எழுத வேண்டும். "அவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?" என்று அவள் அதற்கு முந்தின வாரம்தான் சண்டை போட்டிருந்தாள். முறை என்றால் முறை என்று குனிந்து எழுதிவிட்டேன்.

நாளையிலிருந்து ஐந்து இடத்திலும் என் பேரையே எழுதப் போகிறேன். ஐம்பது வாளியையும் நானே சுமக்கிறேன். அப்போதாவது உனக்கு மனசு ஆறுமா?

வாணி


24-07-2025

இசைவாணிக்கு,

ஆறாது.

ஐம்பது வாளி சுமந்து நீயும் கையை உடைத்துக்கொள். இங்கே வா. ஆளுக்கு ஒரு கையாகப் பூப்பறிப்போம். உங்கள் அம்மா இரண்டு பேருக்கும் கஞ்சி கொண்டுவரட்டும்.

நீ தியாகி ஆவதால் எனக்கு என்ன லாபம்? மேடத்துக்கு ஐந்து பேர் வேண்டும். நீ ஐந்து முறை உன்னைக் கொடுக்கிறாய். அவருக்கு டிரம் நிறைந்தால் சரி. நீ விழுந்த மறுநாள் இன்னொரு லீடர் வருவாள், கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாள்.

கேள். இங்கே பூப்பறிக்க ஆள் கூட்டி வருவது ராமுத்தாய் அக்கா. நம்மைவிட ஏழு வயதுதான் பெரியவள். வாய் திறந்தால் வசவு. விடியும் முன்னே தோட்டத்துக்குள் கால் வைத்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எவளுக்கு முடியல? இப்பவே சொல்லித் தொலைங்க. வெயில் ஏறுனப்பொறம் விழுந்தீங்கன்னா நான் தூக்க மாட்டேன்."

யாராவது கையைத் தூக்கினால், "நீயெல்லாம் பூப்பறிக்க வந்தவளா, பூ வச்சுக்கிட்டுப் போக வந்தவளா?" என்று ஏசுவாள். ஏசிவிட்டு, வரப்போரப் பாத்தியை அவளுக்குக் கொடுப்பாள். அங்கே வேப்பமரத்து நிழல் விழும், செடியும் குட்டை, குனிந்து நிமிர வேண்டியதில்லை. முதல் நாள் நான் கையைத் தூக்கவே இல்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "ஏ பத்தாப்பு, ஒனக்கு வாயுமா ஒடஞ்சிருச்சு?" என்றாள். வரப்போரம் போ என்றாள்.

அன்று நான் உன்னிடம் ஒரு வாளியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. "என்னடீ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நீ என்னைப் பார்த்தாய், பிறகு பட்டியலைப் பார்த்தாய்.

கை வலிக்கிறது. இவ்வளவு எழுதியது உனக்காக இல்லை. இடது கைக்குப் பழக்கம் வரட்டும் என்றுதான்.

நாகஜோதி


31-07-2025, வியாழன்

அன்புள்ள ஜோதி,

உன் கடிதம் வந்த அன்று மாலையே ஐம்பது வாளியை விட்டுவிட்டு வேறொன்று செய்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

படிப்பு நேரம் தொடங்கியதும் எழுந்து நின்று கேட்டேன். உன் ராமுத்தாய் அக்கா மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது. "யாருக்கு முடியல?" எல்லோரும் சிரித்தார்கள். தீபாதான் முதலில் கையைத் தூக்கினாள், அதுவும் கேலிக்கு. "எனக்குக் கணக்கு முடியல, எழுதிக்க." பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், பல்லும் வலிக்கிறதாம்.

நோட்டில் 'பேசியவர்கள்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு 'முடியாதவர்கள்' என்று எழுதினேன். அதன் கீழே ஐந்து பேர்.

தீபா. கடைவாய்ப்பல். மூன்று நாளாக ஒரு பக்கம்தான் மெல்லுகிறாள்.
ஃபர்ஹீன். கண்ணாடி ஒரு பக்கம் உடைந்தது. போர்டு தெரியவில்லை.
பொன்னழகு, ஏழாம் வகுப்பு. ராத்திரி அழுகிறாள். காரணம் சொல்லவில்லை.

மற்ற இரண்டு பேரும் நம் வயதுக்காரிகள். உனக்கு அன்று இருந்ததுதான் அவர்களுக்கும்.

ஃபர்ஹீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முறைப் பட்டியலுக்கு முன்னால் ஜூனில் அவள் பேரை நான் நிஜமாகவே நாலு தடவை எழுதியிருக்கிறேன், எப்போதும் பேசுகிறாள் என்று. போர்டில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், பாவி. நாலு தடவை நாற்பது வாளி.

மேடம் முதல் இரண்டு நாள் நோட்டைப் படிக்கவே இல்லை. ஐந்து பேர் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்தார். தண்ணீரை முடிந்தவர்கள் பகிர்ந்து சுமந்தோம். மூன்றாம் நாள் மாலை பேர்களைக் கூப்பிட்டார்.

"தீபா! வாளிய எடு."

"பல்லு வலி மேடம்."

"பல்லால தூக்கச் சொன்னேனா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம், தீபாவும்தான். அப்போதுதான் நோட்டை முழுதாகப் படித்தார்.

"என்னடி இது, ஆஸ்பத்திரி நோட்டா?"

"நீங்க அஞ்சு பேர் கேட்டீங்க மேடம். அஞ்சு பேர் இருக்கு."

இதை நான்தான் சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவர் நோட்டை என் நெஞ்சில் தள்ளிவிட்டு, "பழைய மாதிரி எழுது" என்றார். நான் பழைய மாதிரி எழுதவில்லை.

நேற்றுதான் மோசம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு பேருக்கு வயிற்று வலி. நாலு பேர் வாந்தி. சமைத்தது என் அம்மா. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் அம்மாவின் வேலை. எழுதாவிட்டால் நான் மறுபடியும் எட்டாம் தேதியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பன்னிரண்டு பேரையும் எழுதினேன்.

அம்மா என்னோடு பேசவில்லை.

வாணி


02-08-2025

வாணி,

பன்னிரண்டு பேரையுமா எழுதினாய்? அம்மா சமைத்தது என்று தெரிந்துமா?

மேலே இருக்கும் இரண்டு கேள்வியையும் எழுதிவிட்டு வெளியே போய் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்தேன்.

பொன்னழகு ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் ஜன்னலோரம் படுத்திருக்கிறாள். வெளியே நாய் குரைத்தால் பயம். நான் இருந்தவரை என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வேன். அவளை நடுவில் படுக்கச் சொல்.

ஆனால் ஒன்று. நோட்டில் எழுதுவது எல்லாம் நல்லதுதான். உன் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் நான் இன்னும் படிக்கட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லோருக்கும் பல்லையும் கண்ணையும் கேட்கிறாய். என்னைப் பற்றி எழுதிய பொய்யை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறாய், வழியில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிப் போவதுபோல.

அப்பா 9-ஆம் தேதி கையெழுத்துப் போடத்தான் போகிறார். வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்துவிட்டார். "பெரிய எடத்துல போயி என்னத்தப் பேசுறது?" என்கிறார். பேச அவரிடம் ஒன்றுமில்லை. என் வாய்ச்சொல் மட்டும்தான். தாளோ அவர்கள் பக்கம்.

ஏழு நாள் இருக்கிறது லீடர்.

ஜோதி


04-08-2025, திங்கள்

அன்புள்ள ஜோதி,

இந்தக் கடிதத்தோடு இரண்டு தாள் இருக்கின்றன. வாழையிலையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, ஜெய்தூன் அம்மாவிடம் கொடுக்கிறேன். ஈரம் படாமல் எடு.

ஒன்று நோட்டின் கடைசிப் பக்கம். முறைப் பட்டியல், என் கையெழுத்தில், திங்கள் முதல் சனி வரை முப்பது பேரும். செவ்வாய்க்குக் கீழே ஐந்தாவதாக நீ. மேடம் இன்று நோட்டைக் கேட்டார், குழு பார்க்க வேண்டுமாம். கொடுப்பதற்கு முன்னால் இதைக் கிழித்துவிட்டேன். கிழித்த சத்தத்துக்குப் பயந்து குழாயைத் திறந்து விட்டேன். தண்ணீர் வராத குழாய் அது, மறந்துபோய்!

இன்னொன்று புதிதாக எழுதியது. நீ ஓடி விளையாடவில்லை, வாளி சுமந்தாய், முடியாது என்று காட்டினாய், நான் பார்த்தும் எழுதினேன், பிறகு பயந்து பொய்யில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் அதில் இருக்கிறது. அம்மாவின் வேலையைப் பற்றி மேடம் சொன்னதும் இருக்கிறது.

இதை இங்கே வைத்திருந்தால் நான் 9-ஆம் தேதிக்குள் பயந்து கிழித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் கொடுக்கிறேன். அப்பா கையில் கொடுத்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி. இதில் என் தப்பும்தான் இருக்கிறது. அதை வைத்து என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

அம்மா நேற்றுப் பேசினார். நான்கு நாள் கழித்து. வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"பன்னெண்டு பேருக்கும் வயித்து வலின்னு எழுதுனியாமே?"

"ஆமாம்மா."

"வெறும் வயித்து வலின்னு எழுதுனா அது என் கை மேலதான வரும்? பருப்புல வண்டுன்னு எழுது பாப்பா. சித்திரையிலருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன், புது மூட்டை வாங்குங்கன்னு. நீ என்னையக் கேட்டியா? ஊரையெல்லாம் கேக்குற, அடுப்படிக்கு வந்து ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை ஜோதி. அம்மாவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அம்மா ஒரு பிடி பருப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வண்டோடு. நோட்டைக் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தில் அதையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தேன்.

வேலை போனால் என்ன செய்வோம் என்று கேட்டேன். "கன்னிவாடியில எங்கண்ணன் வீட்டுல ஒரு அடுப்பு இருக்கு. அங்க போயி எரிப்போம். நீ எழுது" என்றார்.

பொன்னழகு இப்போது நடுவில் படுக்கிறாள். நேற்று அழவில்லை.

வாணி


06-08-2025

வாணி,

வந்தது. ஈரம் படவில்லை.

அப்பா இரண்டு தாளையும் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து படித்தார். முழுதாக ஒரு மணி நேரம். ஒவ்வொரு எழுத்தாக. நான் படித்துக் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்.

முடித்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் பிள்ள ஒம் பேர எழுதுனவளா, ஒனக்காக எழுதுனவளா?"

"ரெண்டும் ஒருத்திதான்ப்பா" என்றேன்.

அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துவைத்து வைத்த சட்டையில் வாழையிலைக் கறை.

9-ஆம் தேதி நானும் வாரேன். உன்னைப் பார்ப்பதற்கு இல்லை.

ஜோதி


12-08-2025, செவ்வாய்

அன்புள்ள ஜோதி,

சனிக்கிழமை நான் குழு அறையிலிருந்து வெளியே வந்தபோது பெஞ்சில் நீ இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். உன்னை உள்ளே விடவில்லை என்பதால் நடந்ததை எழுதுகிறேன். உன் அப்பா பாதிதான் சொல்லியிருப்பார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று இப்போது எனக்கும் தெரியும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தாளாளர், தலைமை ஆசிரியை, ஒரு டாக்டர் அம்மா. மேடம் ஓரத்தில் நின்றார். உன் அப்பாவிடம் பேனாவை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட வரலீங்கய்யா. இதக் காட்டிட்டுப் போக வந்தேன்."

சட்டைப்பையிலிருந்து இலையைப் பிரித்துத் தாள்களை வைத்தார். மேடம் உடனே, அந்தப் பெண் கதை கட்டுகிறாள், லீடர் பதவி தலைக்கு ஏறிவிட்டது என்றார். என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மா கடைசிப் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

"செவ்வாக்கெழம யார் யார் பேசுவாங்கன்னு திங்கக்கெழமையே ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பேசலன்னாலும் அஞ்சு பேர் வேணும் மேடம். அதான் பிரிச்சு வச்சேன்."

தலைமை ஆசிரியை என் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப நீ போட்டது பொய்க் கையெழுத்து."

"ஆமா மேடம்."

"தப்புன்னு தெரியுதா?"

"தெரியுது. அதச் சொல்லத்தான் வந்திருக்கேன். அவ ஓடல. விளையாடல. ரெண்டு கையிலயும் வாளி இருந்துச்சு."

உன் வரியைத் திருடிவிட்டேன். எனக்கு அதைவிட நல்லதாக ஒன்றும் வரவில்லை.

உன்னை விடுதியிலிருந்து நீக்கும் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கட்டுப் பிரித்ததும் நீ வரலாம். மோட்டாரைச் சரி செய்யும்வரை லாரித் தண்ணீர், இனி தண்டனைக்கு வாளி இல்லை. புதுப் பருப்பு மூட்டை நேற்று வந்தது. அம்மாவை இந்த மாதம்வரை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், பிறகு பார்ப்பார்களாம். அம்மா கேட்டுவிட்டு, "பாக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

பொய்க் கையெழுத்துக்காக என் பேட்ஜை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றும்போது பூத்தட்டைப் பிடிப்பது நான் இல்லை.

மேடம் தொடர்கிறார். இதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். பேட்ஜின் ஊக்கைக் கழற்றும்போது அவர், "நாப்பத்தாறு பிள்ளைகள். ராத்திரி பகலா நான் ஒருத்தி. என்னைய எவ கேட்டா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். யாரும் கேட்டதில்லைதான். அதற்காக நீ விழுந்தது இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அதை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "முடியலன்னா நீங்களும் நோட்டுல எழுதுங்க மேடம். எங்க தலையில ஏத்தாதீங்க." பேட்ஜ் இல்லாததால் பயம் குறைந்துவிட்டதோ என்னவோ.

புது லீடர் தீபா. பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. நேற்று மாலை மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோட்டைத் திறந்தாள். எழுந்து நின்று, வீங்கிய வாயோடு கேட்டாள்.

"எவளுக்கு முடியல?"

நான் கேட்டதுபோலக் கோழிக்குஞ்சுக் குரல் இல்லை. உன் ராமுத்தாய் அக்கா குரல். மேடம் வாசலைவிட்டுப் போய்விட்டார்.

உன் தட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீயே வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். நான் அதில் சாப்பிடவில்லை.

வாணி


17-08-2025

அன்புள்ள வாணி,

இடது கையால் எழுதும் கடைசிக் கடிதம். எழுத்து நேராக வர ஆரம்பித்துவிட்டது பார். வீணாகப் போகிறது.

புதன்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். வியாழன் காலை மலைச்சாமி அண்ணனின் பூ வண்டியிலேயே வந்து இறங்கிவிடுவேன். ராமுத்தாய் அக்காவிடம் நேற்றுச் சொன்னேன். "போடி போ, ஒன்னால எனக்கு ஒரு பாத்தி நட்டம்" என்றாள். பிறகு கூடையில் மீந்த பூவை அள்ளி என் பைக்குள் போட்டாள். அங்கே நாற்பத்தாறு தலைக்கு எப்படிப் பிரிப்பது என்று நீ முறை ஒன்றும் போடாதே. கேட்டவர்களுக்குக் கொடுப்போம்.

அப்பா அந்தச் சட்டையை மறுபடி துவைத்தார். கறை போகவில்லை. அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்.

வியாழக்கிழமை நோட்டில் என் பேரை எழுதச் சொல்லித் தீபாவிடம் சொல். என்ன எழுத வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அவளாக எதையாவது எழுதப் போகிறாள்.

நாகஜோதி, பத்தாம் வகுப்பு. வலது கை. இரண்டு மாதத்துக்கு வாளி தூக்க முடியாது. இசைவாணியோடு பழையபடி பேசவும் இன்னும் முடியவில்லை.

இரண்டாவதையும் கட்டாயம் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது. எப்போது முடியும் என்று நான் சொல்கிறேனோ அப்போது நானே கோடு போட்டுக்கொள்கிறேன். அதுவரை நீ தினமும் கேட்க வேண்டும். பேட்ஜ் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

தட்டைக் கழுவி வை.

ஜோதி